களியக்காவிளையிலிருந்து தலைவர்களைப் பார்த்தால்

நவம்பர் 1 காலையில் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில் கசவு சேலை உடுத்திய கல்லூரிப் பிள்ளைகள் தலையில் பூவோடு நிற்பார்கள். அன்றைக்குக் கேரளப் பிறவி. எதிர்த் திசையில் மார்த்தாண்டம், நாகர்கோவில் போகும் வண்டிகளில் கட்சிக்கொடி கட்டிய நாலைந்து கார்களைப் பார்க்கலாம். இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணிக்கு மாலை போடப் போகிறவர்கள். 1956-ல் அந்த ஒரே நாளில்தான் கேரளம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்தப் பக்கம் பிறந்தநாள், இந்தப் பக்கம் விடுதலை நாள். நடுவில் ஒரு சோதனைச் சாவடி, ரெண்டு சாயாக் கடை.

அண்ணன் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். போன மாதம் பேச்சுப் போட்டிக்கு ஒரு தாளோடு வந்து நின்றாள். "பாட்டா, மாபெரும் தலைவர்களின் பண்புகள். பத்துப் பாயின்ட் வேணும்." ஆறை அவளே எழுதியிருந்தாள்: துணிவு, நேர்மை, தியாகம், தொலைநோக்கு, மக்கள் மேல் அன்பு, விடாமுயற்சி. பாக்கி நாலைத்தான் என்னிடம் கேட்டாள். அந்த ஆறைத் தாண்டவே என்னால் முடியவில்லை. இந்த ஆறும் இருந்த ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கமே இருந்தார். அவரை நினைத்தால் இந்தப் பட்டியலை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலையாக நிற்கிற வேலுத்தம்பி தளவாய்தான் அவர். கேரளப் பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் அவர் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அவர் பிறந்தது இரணியலை அடுத்த தலக்குளம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். ஊர் தமிழ்நாட்டிலும் சிலை கேரளத்திலுமாக எல்லைக்கோடு அவரை இரண்டாகப் பிரித்துவிட்டது.

இரணியலில் காரியக்காரராக, அதாவது இன்றைய தாசில்தார் போல, இருந்தவர் அவர். 1799-ல் திருவிதாங்கூர் அரசவையில் மூன்று பேர் கூட்டாகக் கஜானாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்: ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன். அதிகாரிகளையும் வசதியானவர்களையும் கூப்பிட்டு, இத்தனை பணம் கொண்டு வா என்று கட்டளையிடுவது அவர்கள் வழக்கம். வேலுத்தம்பியிடமும் கேட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பி ஆட்களைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய், அதாவது தலைமை அமைச்சர், ஆனார். ஆலப்புழைச் சந்தை, சங்ஙனாசேரிச் சந்தை, சாலைகள், கணக்கு வழக்கு என்று பல காரியங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அவர் கொடுத்த தண்டனைகளின் கடுமையும் சேர்ந்தே பேசப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பேச்சுப் போட்டிகளில் சொல்வதில்லை. 1804-ல் படைவீரர்களின் படியைக் குறைக்கப் போய் நாயர் படை அவருக்கு எதிராகக் கிளம்பியது. அதை அடக்க அவர் நாடியது ஆங்கிலேயக் கம்பெனியின் உதவியை. அடுத்த ஆண்டு கம்பெனியோடு போட்ட புது ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயாக ஏறியது. கட்ட முடியவில்லை. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே பாக்கியைக் கேட்டு நெருக்கினார். அந்த நெருக்கலில்தான் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராகத் திரும்பினார். கொச்சியின் தலைமை அமைச்சர் பாலியத்தச்சனோடு சேர்ந்து 1808 டிசம்பரில் ரெசிடென்டின் மாளிகையைத் தாக்கினார். 1809 ஜனவரி 11-ல் புகழ்பெற்ற குண்டறை விளம்பரத்தை, அதாவது கம்பெனிக்கு எதிராக எழச் சொன்ன அறிவிப்பை, வெளியிட்டார். மக்கள் திரண்டார்கள்.

அடுத்த மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் விழுந்தன. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், அரசரும் கைவிட்டார். மண்ணடி பகவதி கோவிலில் பிடிபடும் தறுவாயில் வேலுத்தம்பி உயிரை விட்டார். செத்த உடலைக் கண்ணம்மூலையில் தூக்கில் தொங்கவிட்டுக் காட்டினார்கள். கம்பெனியின் கவர்னர் ஜெனரல் மின்டோவே அதைக் கண்டித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிவு, தியாகம், விடாமுயற்சி எல்லாம் இருக்கிறது. நான் குறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் குண்டறை விளம்பரம் எதைக் காக்கச் சொன்னது? நாட்டையும் கோவிலையும் தர்மத்தையும். அந்த தர்மத்துக்குள் சாதி ஆசாரமும் அடக்கம். அதே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் அந்த ஆசாரத்தின் பெயரால்தான் தோளில் ஒரு துணி போட முடியாமல் இருந்தார்கள். சந்தையில் அவர்கள் ரவிக்கை கிழிக்கப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் பெண்கள் தலைமுறை கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஓர் உத்தரவு போட்டது. அதுவும் அரைகுறை உத்தரவு. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கும் சென்னை கவர்னர் டிரெவிலியனின் நெருக்குதல் வேண்டியிருந்தது. வேலுத்தம்பி எதிர்த்த அதே ஆங்கில ஆட்சியின் ஆள்!

இதைச் சொன்னால் அந்தப் பக்கத்து நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அவர்கள் பதிலுக்கு, "நேசமணி மட்டும் என்ன, நாட்டைப் பிரித்தவர்தானே?" என்பார்கள். எல்லையில் வாழ்கிறவனுக்கு இது பழகிய சண்டை. இந்தச் சண்டையில் கிடைத்த ஒரு லாபம் உண்டு. ஒருவரின் வீரம் என்ன என்பதை அவர் எதிரியிடம் காட்டியதை வைத்து அளந்தால் கணக்கு சரியாக வராது. சாவடி தாண்டினால் எதிரி மாறிவிடுகிறான். தன் சொந்த ஆட்களிடம் அவர் என்ன செய்தார், அவர்களுக்குப் பிடிக்காத எதைச் சொன்னார் என்று பார்த்தால்தான் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஓர் அளவு கிடைக்கிறது. வேலுத்தம்பி தன் மக்களுக்குப் பிடிக்காத எதையும் கடைசி நாட்களில் சொல்லவில்லை. அவர்கள் கேட்க விரும்பியதையே உரக்கச் சொன்னார்.

இந்த அளவுகோலை எனக்குக் கொடுத்தது 1954.

நேசமணி பள்ளியாடிக்காரர், வக்கீல். நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்த காலத்தில், முக்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று இன்றும் சொல்வார்கள். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற கட்சியின் முகமே அவர்தான். அப்போது திரு-கொச்சியில், அதாவது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. திவான் சி.பி. ராமசாமி அய்யரின் அடக்குமுறையை எதிர்த்து ஸ்டேட் காங்கிரஸை நடத்தியவர், சிறை கண்டவர், மக்களாட்சி வந்தபோது திருவிதாங்கூரின் முதல் பிரதமர். கேரளத்தில் அவர் பெயருக்கு இருக்கும் மரியாதை நியாயமானது. ஆனால் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது அவர் ஆட்சியில். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தாணுப்பிள்ளை அப்போது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அதன் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் கால்வாய் வரியை எதிர்த்த போராட்டத்தில் கைதாகி அலகாபாத் பக்கத்து நைனி சிறையில் இருந்தார். செய்தி எட்டியதும் அங்கிருந்தே ஒரு தந்தி அனுப்பினார்: அரசு ராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை வேண்டும். அந்தக் கட்சிக்கு நாட்டில் இருந்த ஒரே ஆட்சி அது. நாட்டு விடுதலைக்குப் பிறகும் போலீஸ் தன் மக்களையே சுடுவது என்றால் ஆட்சி எதற்கு என்பது அவர் கேள்வி. காங்கிரஸ் ஆட்சி சுட்டபோது கண்டித்தவர்கள், நம் ஆள் சுட்டால் மட்டும் காரணம் தேடலாமா?

கட்சி கேட்கவில்லை. தாணுப்பிள்ளை ராஜினாமா செய்யவில்லை. லோகியா பொதுச்செயலாளர் பதவியை விட்டார், மறுவருடம் கட்சியை விட்டே நீக்கப்பட்டார், தனிக்கட்சி கண்டார். சோஷலிஸ்டுகள் உடைந்தார்கள். புத்திசாலித்தனமா என்று கேட்டால் எனக்குத் தெளிவாகப் பதில் இல்லை. ஒரு தந்தி ஒரு கட்சியை உடைத்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழ் ஒரு சொல் தெரியாத, இந்த மண்ணில் ஓட்டு வாங்க வேண்டிய தேவையும் இல்லாத ஒருவர், செத்துப்போன எங்கள் ஆட்களுக்காகத் தன் கட்சியையே பணயம் வைத்தார் என்பதும் உண்மை. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் லோகியாவுக்கு ஒரு சிலையை நான் பார்த்ததில்லை.

நேசமணியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தாலுகாக்கள் கிடைத்த மறுவருடம், 1957-ல், தன் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். கேட்டதில் தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை எதுவும் வரவில்லை. செங்கோட்டையில் ஒரு பகுதி வந்தது. பாக்கிக்காக என்று சொல்லி இன்னும் இருபது வருடம் கட்சியை ஓட்டியிருக்கலாம், கோபத்துக்குப் பஞ்சம் இல்லை. எல்லைப் பிரச்சினையை வைத்தே காலம் தள்ளிய தலைவர்களை இந்தியா முழுக்கப் பார்த்திருக்கிறோம். அவர் கடையை மூடினார்.

காமராஜருக்கு வருகிறேன். இங்கேதான் எல்லைக்காரர்களின் மனசு விசித்திரமாக வேலை செய்கிறது. தேவிகுளம், பீர்மேட்டைக் கேட்டு இங்கே கொதித்துக்கொண்டிருந்தபோது, "மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கு" என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் சொல்வார்கள். எங்கள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். 1963-ல் காமராஜர் முதலமைச்சர் நாற்காலியைத் தானாகவே விட்டு இறங்கினார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னதை முதலில் தான் செய்தார். லால் பகதூர் சாஸ்திரியையும் பிறகு இந்திரா காந்தியையும் பிரதமர் நாற்காலியில் அமர்த்தியவர், 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். 1968-ல் நேசமணி காலமானதும் நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதி காலியானது. 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் எல்லை மாவட்டம் அவரை டெல்லிக்கு அனுப்பியது. 1971-லும் அனுப்பியது.

அப்பாவும் அவருக்குத்தான் போட்டார். "குளத்த விட்டுக்குடுத்த ஆளுக்கா போட்டிய?" என்று சித்தப்பா கேலி பண்ணினார். "அந்த ஆளு எனக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லல்ல. எல்லார்க்கிட்டயும் ஒண்ணுதான் சொன்னாரு" என்றார் அப்பா. அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. சென்னையில் ஒரு பேச்சு, மார்த்தாண்டத்தில் ஒரு பேச்சு என்று இல்லாமல், தமிழனிடமே தமிழனுக்குப் பிடிக்காததைச் சொன்னவர் என்பது அப்பாவின் கணக்கு.

சாதியும் அந்த வெற்றியில் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாகர்கோவிலில் சிரிப்பார்கள். ஆனால் சாதி மட்டும் இல்லை. மதிய உணவு இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன, தண்ணீர் இருந்தது. திருவட்டாறு தாண்டி மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் ஒரு வாய்க்கால் போகிறது. ஒரு மலையில் இருந்து எதிர்மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக் கொண்டுபோய் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்கு விடுகிற ஏற்பாடு. 1966-ல் முடிந்த வேலை, தொடங்கியது அவர் முயற்சியில். கீழே பார்த்தால் கால் கூசும். பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். தொலைநோக்கு என்று பேத்தி எழுதிய சொல்லுக்கு உருவம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். சொல்லாக மட்டும் வைத்தால் அது ஒரு மதிப்பெண்.

வைக்கம் கதைக்கு வந்தால் இந்த அளவுகோல் இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. 1924 மார்ச் 30 அன்று கோவிலைச் சுற்றிய தெருவில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக முதலில் போனவர்கள் மூன்று பேர்: ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர். தலைவர்கள் கைதாகிப் போராட்டம் தள்ளாடியபோது ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார், இரண்டு முறை சிறை போனார். இதைத் தமிழர் எல்லோரும் அறிவார்கள்.

அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. தெருவில் நடக்கத் தடை இல்லாத மேல்சாதிக்காரர்களே அரசிடம் போய், அவர்களையும் விடு என்று கேட்க வேண்டும் என்றார் காந்தி. 1924 நவம்பர் 1 அன்று (பாருங்கள், அதே தேதி) நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஓர் ஊர்வலம் வைக்கத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டது. தெற்கே இருந்து இன்னொன்று. நாகர்கோவில் கோட்டாறிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு நடத்திவந்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவை ராணி சேது லட்சுமி பாயிடம் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் வந்தது. ஒரே ஒரு ஓட்டில் தோற்றது, 21-க்கு 22.

மறுமாதம் காந்தி வைக்கம் வந்தார். எதிர்த்தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியைச் சந்திக்க அவர் மனைக்கே போனார். காந்தி அந்தணர் அல்ல என்பதால் வீட்டுக்கு வெளியே தனியே இடம் போட்டு உட்காரவைத்தார்கள். அவர் உட்கார்ந்தார், பேசினார். எதிராளி எதற்கும் இசையவில்லை. கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப் இதில் தலையிட வேண்டாம் என்றது, சீக்கியர்கள் நடத்திய உணவுக்கூடத்தை மூடச் சொன்னது என்று காந்தி மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் வெளியே போட்ட அந்த இருக்கையில் போய் உட்கார்ந்த பொறுமை, முக்காலியைத் தூக்கி எறிந்த நேசமணியின் கோபத்துக்குக் குறைந்தது இல்லை. இரண்டும் எப்படி ஒரே பட்டியலில் இருக்கும் என்று கேட்டால், பட்டியல் போட்டவரைத்தான் கேட்க வேண்டும். (அந்த மனை பின்னால் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம் ஆனது. சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு.)

எம்பெருமாள் நாயுடு வைக்கத்தோடு நிற்கவில்லை. சுசீந்திரம் கோவிலைச் சுற்றிய தெருக்களுக்காக 1926-ல் சத்தியாகிரகம் நடத்தினார். அந்தத் தெருவில் நடக்க அவருக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. எதிரே தடியோடு நின்றவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள், அவரிடம் மருந்து வாங்கிக் குடித்திருக்கக்கூடிய ஆட்கள். 1936-ல் எல்லாச் சாதியினருக்கும் கோவில்களே திறந்தன. கோட்டாறில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் போகிற சாலை இப்போதும் களியக்காவிளை வழியாகத்தான் போகிறது. அதில் தினமும் போகிற எத்தனை பேருக்கு நாயுடு பெயர் தெரியும்?

இத்தனையையும் பேத்தியிடம் சொன்னேன். ஏத்தங்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே கேட்டாள். லோகியா தந்தி இடத்தில் மட்டும் தின்பதை நிறுத்தினாள். "ஜெயில்ல இருந்து தந்தி அடிக்க விடுவாங்களா பாட்டா?" என்றாள். நல்ல கேள்வி. பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"எல்லாம் சரிதான் பாட்டா. மூணு நிமிசந்தான் தருவாங்க. நான் காமராஜரையே பேசிக்கிறேன்."

"மேடாவது குளமாவது வருமா அதுல?"

"டீச்சர் வேண்டாம்னு சொல்லுவாங்க."

போட்டி அடுத்த வெள்ளிக்கிழமை.